முனீஸ் சம்சாரம் ஊடு எதுங்க?

உசிலம்பட்டி
3.1.2007

மாமாவுக்கு நதியா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று எழுத மனசில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இங்கே பூத்துக்காரர் கதவைச் சாத்தவே விடமாட்டார். நீங்கள் பேசுவதும் கம்பெனி ஆபீஸ் போனில். அதனால் எழுதுகிறேன், படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

வளைகாப்பு முடிந்து வந்ததும் அம்மா என்னை இங்குள்ள ஆஸ்பத்திரியில் பதிவு செய்தாள். திருப்பூரில் எடுத்த ரத்தப் பரிசோதனை செல்லாது, எல்லாம் மறுபடி எடுக்கவேண்டும் என்றார்கள். சர்க்கரை இல்லை, எச்.ஐ.வி. இல்லை. வி.டி.ஆர்.எல். என்று ஒன்று எடுத்தார்கள், அதில் மட்டும் இருக்கிறது என்று வந்துவிட்டது. நர்ஸ் அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, உன் வீட்டுக்காரர் கண்ட இடத்துக்குப் போகிறவரா என்று என்னிடம் கேட்டார்.

அது பால்வினை நோயாம். பெயர் சிபிலிஸ். பொம்பளைக்குப் புருஷனிடமிருந்துதான் வரும் என்று நர்ஸ் சொல்கிறார். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் போகுமாம், பிள்ளை செத்தும் பிறக்கலாமாம். வாரம் ஒரு பென்சிலின் ஊசி, மூன்று வாரம் போடவேண்டும். முதல் ஊசி போட்டாயிற்று. இடுப்பை அசைக்க முடியவில்லை. அம்மாவிடம் இரும்புச் சத்து ஊசி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்டில் திருப்பூரில் இதே சோதனையில் ஒன்றும் இல்லை. அப்படியானால் அதற்குப் பிறகு வந்தது. ஐப்பசியில் ஷிப்மெண்ட் என்று சொல்லி ராத்திரி ராத்திரியாகக் கம்பெனியிலேயே கிடந்தீர்கள். சித்ரகலாவும் கிடந்தாள். நீங்கள் கட்டிங் மாஸ்டர், ராத்திரி வேலை இருக்கிறது, சரி. துணியைத் தைத்து முடித்த பிறகு செக் பண்ணுகிற க்யூ.சி.க்கு, வெட்டும்போதே அங்கே என்ன வேலை? நானும் அந்தக் கம்பெனியில் செக்கிங்கில் உட்கார்ந்தவள்தான் மாமா.

அவள் கொண்டுவந்த அரிசிபருப்புச் சோற்றைப் பற்றி ஒரு வாரம் பேசினீர்கள். நான் வீட்டுக்காரம்மா ராமாத்தாளிடம் கேட்டு அதே மாதிரி செய்து போட்டேன். ஏதோ ஒன்று குறைகிறது என்றீர்கள். என்ன குறைந்தது என்று இப்போது தெரிகிறது.

உடனே போய் உங்கள் ரத்தத்தைக் கொடுங்கள். என்ன வந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள்.

நதியா

—

அருள்புரம்
8.1.2007

நதியாவுக்கு,

உன் கடிதத்தைக் கம்பெனி கேட்டில் கொடுத்தார்கள். மெஷின் ஓரமாக நின்று படித்தேன். வெட்டுகிற கத்தி கையில் இருக்கும்போது படிக்கிற கடிதமா இது?

நான் எங்கேயும் போகவில்லை. யாரையும் தொடவில்லை. சித்ரகலாவுக்குப் பள்ளிக்கூடம் போகிற பையன் இருக்கிறான். அவள் வீட்டுக்காரர் தினமும் வாசலில் வண்டியோடு நிற்கிறார். அந்த அம்மா என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவதைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை. சோறு நன்றாக இருந்தது, நன்றாக இருந்தது என்று சொன்னேன். அதற்கு இவ்வளவு தண்டனை என்றால் இனி எந்தச் சோற்றையும் வாய் திறந்து பாராட்டமாட்டேன்.

நீ பிள்ளையைச் சுமந்துகொண்டு தனியாக ஊசி போட்டுக்கொள்கிறாய் என்று நினைத்தால் உடனே பஸ் ஏறி வந்துவிடலாம் போலிருக்கிறது. அதே சமயம் உன் எழுத்தைப் படித்தால் கடிதத்தைக் கசக்கி எறியத் தோன்றுகிறது. யாரிடம் போய்ச் சொல்ல? பக்கத்துக் காம்பவுண்டுக்குப் போய் முனீஸோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நம் ஊர்க்காரன், சின்ன வயதிலிருந்து என்னோடு சுற்றியவன். ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல் கண்டபோதுகூட என் இடத்தில் நின்று ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன்தான். அவனிடமும் வாய் வரவில்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ரத்தம் கொடுக்கிறேன். ரிசல்ட்டை உன் கையில் வைத்துவிட்டு அப்புறம் பேசுகிறேன்.

பாண்டித்துரை

—

உசிலம்பட்டி
12.1.2007

மாமாவுக்கு,

அவள் வீட்டுக்காரர் வாசலில் நிற்பது வரை தெரிந்து வைத்திருக்கிறீர்கள். அந்த அம்மா என்று வேறு எழுதுகிறீர்கள். என்னைப் பற்றி நாலு வரி, அவளைப் பற்றி ஏழு வரி. எண்ணிப் பார்த்தேன்.

எனக்குப் பொறாமைதான். இல்லை என்று சொல்லவில்லை. வயிறு பெருத்து, கால் வீங்கி, முகமெல்லாம் கறுத்துப்போய் இங்கே கிடக்கிறேன். அவள் அங்கே மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு, கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, "மாஸ்டருங்க, இந்த அளவு சரியாங்க?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் பேசுகிற கொங்குத் தமிழைக் கேட்டால் எனக்கே சரி என்று சொல்லத் தோன்றும். உங்களுக்குத் தோன்றாதா?

இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. ஊசி போடுகிற இடத்தில் என் பேரைக் கூப்பிட்டதும் மற்ற கர்ப்பிணிகள் கொஞ்சம் தள்ளி உட்காருகிறார்கள்.

பொங்கலுக்கு வரவேண்டாம். அம்மா கேட்டால் கம்பெனியில் லீவு இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன். வந்தால் ரிசல்ட்டோடு வாருங்கள்.

நதியா

—

அருள்புரம்
22.1.2007

நதியா,

என் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. சந்தேகப்பட்டு இன்னொரு லேபிலும் கொடுத்தேன். அங்கேயும் இல்லை. இரண்டு காகிதத்தின் நகலையும் இதோடு வைத்திருக்கிறேன், உன் நர்ஸிடம் காட்டு.

இப்போது நான் கேட்கிறேன். என்னிடம் இல்லாதது உன்னிடம் எப்படி வந்தது?

இதை இப்படிக் கேட்கவேண்டாம், ஆஸ்பத்திரிக்காரர்கள் ரத்தத்தை மாற்றியிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். போன வாரம் ராத்திரி வேலை முடித்துவிட்டுப் பகலில் தூங்கிக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்து ராமாத்தாளிடம் விசாரிக்கிற சத்தம் கேட்டது.

"ஏனுங்க, முனீஸ் சம்சாரம் நதியா, அவங்க ஊடு எதுங்க? மலேரியாவுக்கு மாத்தர குடுத்திருந்தமுங்க. மறுக்கா ரத்தம் எடுக்கோணும். பக்கத்து காம்பவுண்டுல அட்ரஸ் குடுத்திருக்காங்க, அங்க போனா இங்க கை காட்டறாங்க."

அதற்கு ராமாத்தாள் சொன்னாள்: "நதியாளுங்களா? அது பாண்டித்துரை சம்சாரமுங்க. முனீஸுக்கு இன்னும் கண்ணாலமே ஆவுலீங்களே."

நான் கைலியோடு கதவைத் திறந்து நின்றேன். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பார்க்க இடமில்லாமல் தரையைப் பார்த்தேன்.

உனக்கு மலேரியா வந்தது எனக்குத் தெரியாது. சளிக் காய்ச்சல் என்று சொன்னாய். முனீஸுக்குத் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் நீ அவன் பெண்டாட்டி. நான் கம்பெனியில் துணி வெட்டிக்கொண்டிருந்தேன், என் பெண்டாட்டி அவன் பெண்டாட்டியாக மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தாள். இன்னும் என்ன மிச்சம்?

காதர்பேட்டையில் அவனைப் பார்த்தேன். சட்டையைப் பிடித்து அறைந்துவிட்டேன். பனியன் வாங்க வந்த வெளியூர்க்காரர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். அவன் திருப்பி அடிக்கவில்லை. தப்பு இல்லாதவன் ஏன் அடி வாங்கிக்கொண்டு நிற்கிறான்? அன்றைக்கே ரூமைக் காலி செய்துவிட்டு வெள்ளகோவில் பக்கம் ஏதோ மில்லுக்குப் போய்விட்டானாம். ராமாத்தாளும் மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டாள்.

பிரசவத்துக்கு நான் வரமாட்டேன். பிறக்கிற பிள்ளைக்கு என் இனிஷியலை வைக்கலாமா என்று எனக்கே தெரியவில்லை. உன் வாயால் நிஜத்தை எழுது.

பா.

—

உசிலம்பட்டி
30.1.2007

மாமாவுக்கு,

இனிஷியல் வரியைப் படித்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அதற்காக உங்களிடம் அழப்போவதில்லை. நிஜம் கேட்டீர்கள், எழுதுகிறேன்.

ஐப்பசியில் எனக்கு வந்தது குளிர்காய்ச்சல். பல் கிட்டித்துப்போய், கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுங்கியது. நீங்கள் நைட்டில் இருந்தீர்கள். முனீஸ் அண்ணன்தான் வண்டியில் வைத்துச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார். ரத்தத்தைப் பார்த்து மலேரியா என்றார்கள். விலாசம் கேட்டார்கள். நம் காம்பவுண்டுப் பின்வரிசையில் ஒரிசாப் பையன்களுக்கு இதே காய்ச்சல் வந்தபோது ராமாத்தாள் அன்றைக்கே அவர்கள் சாமானை வெளியே வைத்தது அவருக்குத் தெரியும். மருந்தடிக்க ஆள் வந்தால் நாமும் அதே மாதிரி தெருவில் நிற்கவேண்டும். அதனால் தன் விலாசத்தைக் கொடுத்தார். யார் சம்சாரம் என்று கேட்டதும் அந்த விலாசத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு பொய் சொன்னார். நான் அரை நினைவில் பெஞ்சில் கிடந்தேன். வீடு திரும்பும்போது அவரே சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

உங்களிடம் சொல்லவேண்டாம் என்று அவர் வாயைக் கட்டியவள் நான். அதற்காகத்தான் அவர் உங்கள் அடியை வாங்கிக்கொண்டு நின்றிருப்பார்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். மலேரியா என்று தெரிந்தால் மறுநாளே என்னை ஊருக்கு பஸ் ஏற்றியிருப்பீர்கள். நான் போய்விட்டால் அங்கே நீங்களும் அவளும். ஏழாம் மாதம் வரைக்குமாவது உங்கள் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். காய்ச்சலைவிட அவள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தாள்.

இங்கே வந்த பிறகும் அதே பைத்தியம்தான். முன்னால் ஏதும் காய்ச்சல் வந்ததா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அம்மா பக்கத்தில் இருந்தாள். தெரிந்தால் திருப்பூர்க் கொசுக்கடிக்கு என் மகளை அனுப்பமாட்டேன் என்று உட்கார்ந்துவிடுவாள். ஒரு காய்ச்சலும் வரவில்லை என்று சொன்னேன்.

போன வாரம் அதே நடுக்கம் மறுபடி வந்தது. இந்தக் காய்ச்சலை வேரோடு எடுக்கிற மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கமாட்டார்களாம். அதனால் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து திரும்ப வருமாம். இந்தத் தடவை பெரிய டாக்டரம்மா பார்த்தார். முன்பும் வந்திருக்கிறதா என்று அதட்டினார். சொல்லிவிட்டேன். அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அடிப் பாவி மகளே, இத ஏன்டி அப்பயே சொல்லல" என்று அங்கேயே தலையில் குட்டினாள்.

டாக்டரம்மா உடனே பழைய ரிசல்ட்டை எடுத்துப் பார்த்தார். அந்த வி.டி.ஆர்.எல். இருக்கிறதே, அது நோய்க் கிருமியையே பார்க்காதாம். உடம்பிலுள்ள ஒருவகைக் கொழுப்பை எதிர்க்கிற பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்குமாம். சிபிலிஸ் வந்தாலும் அந்தப் பொருள் உண்டாகும், மலேரியா வந்தாலும் உண்டாகும். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். ஷிப்மெண்ட் அவசரத்தில் கான்ட்ராக்ட்காரர் ரோட்டில் நிற்கிறவர்களை எல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு வருவார் இல்லையா? அதில் நாலு பேர் நல்ல பீஸையே கிழித்து வைப்பார்கள். மலேரியாவோடு சண்டை போட உடம்பு அப்படித்தான் கண்டபடி ஆள் சேர்க்குமாம். அதில் சிலது கிருமியை விட்டுவிட்டு நம் உடம்பையே அடிக்குமாம். சோதனையில் மாட்டியது அந்த ஆட்கள்தான், சிபிலிஸ் இல்லை என்கிறார்.

உறுதியாகத் தெரிந்துகொள்ள இன்னொரு சோதனை இருக்கிறதாம். ரத்தத்தை மதுரைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

நதியா

—

அருள்புரம்
5.2.2007

நதியாவுக்கு,

கான்ட்ராக்ட்காரர் கதை நன்றாகப் புரிந்தது. அது நிஜமாக இருக்கவேண்டும் என்று குலசாமியை வேண்டிக்கொண்டேன். வீடு மாற்றிவிட்டேன். பல்லடம் ரோட்டில் ஒரே அறை, புகை போக இடமில்லை.

ஆனாலும் ஒன்று என்னை அரிக்கிறது. ரத்தம் எப்படியோ போகட்டும். உன் உயிர் போகிற காய்ச்சலை அவனிடம் சொன்னாய், என்னிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் ஒன்றை வைத்திருந்தீர்கள். மூன்று மாதம் நான் அவனோடு டீ குடித்திருக்கிறேன், அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நினைக்க நினைக்க எரிகிறது. நேற்று சைஸ் மாற்றி வெட்டிவிட்டேன். முதலாளி கத்தியது காதில்கூட விழவில்லை.

கேட்கக்கூடாதுதான், கேட்கிறேன். நீ நடுங்கிக்கொண்டு கிடந்தபோது போர்வையைப் போர்த்தியது யார்?

மதுரையிலிருந்து பதில் வந்ததும் எழுது.

பாண்டித்துரை

—

உசிலம்பட்டி
26.2.2007

மாமாவுக்கு,

பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. பூத்திலிருந்து கம்பெனிக்குப் போன் பண்ணி அம்மா சொல்லியிருப்பாள். மலேரியாவால் எடை குறைவு, இரண்டு கிலோதான். ஆனால் அழுகைச் சத்தம் வார்டுக்கே கேட்கிறது. சுகப்பிரசவம்.

மதுரையிலிருந்து பதில் வந்துவிட்டது. எனக்கு சிபிலிஸ் இல்லை. இப்போதும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை என்று டாக்டரம்மா அழுத்திச் சொன்னார். போட்டுக்கொண்ட மூன்று ஊசியும் வீண். நகல் அனுப்பவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறது, வேண்டுமானால் நீங்கள் வந்து கேட்டுப் படித்துக்கொள்ளலாம்.

என் ரத்தத்தில் இருந்த அந்த எதிர்ப்புப் பொருள் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கும் கொஞ்சம் போயிருக்கிறதாம். சில மாதத்தில் தானாகக் கரைந்துவிடும், பயப்படாதே என்றார்கள். பிறந்த அன்றைக்கே அதன் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். நம் இரண்டு பேருடைய கூத்துக்கு அந்தச் சின்னக் காலில் ஊசி.

போர்வையை நானே போர்த்திக்கொண்டேன். அது போதாமல், அடுப்புத் துடைக்க என்று நீங்கள் கொண்டுவந்து போட்டிருந்த கட்டிங் வேஸ்ட் மூட்டையை அவிழ்த்து மேலே கொட்டிக்கொண்டேன். முனீஸ் அண்ணன் வந்து கதவைத் தட்டியபோது அந்தத் துணிக் குவியலுக்குள்தான் கிடந்தேன்.

சித்ரகலா விஷயத்தில் நான் உங்கள் மேல் போட்டது பொய்ப் பழி. எழுதிவிட்டேன், படித்துக்கொள்ளுங்கள். அவள் சோற்றை இப்போதும் எனக்குப் பிடிக்காது.

முனீஸ் அண்ணனைப் போய்ப் பாருங்கள். எனக்காக இல்லை. நடுரோட்டில் சட்டையைப் பிடித்தது நீங்கள்.

நதியா

—

திருப்பூர்
2.3.2007

அன்புள்ள நதியாவுக்கு,

உன் அம்மா போன் பண்ணியதும் செக்ஷனில் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். சித்ரகலாவுக்கும் கொடுத்தேன், மறைக்கவில்லை.

வெள்ளகோவில் போய் முனீஸைப் பார்த்தேன். ஷிப்ட் விடுகிற நேரத்தில் மில் வாசலில் நின்றேன். என்னைப் பார்த்ததும் முதலில் இரண்டு அடி பின்னால் போனான். நான் அழுதுவிட்டேன். அவன்தான் கடைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தான். "நதியா எனக்குத் தங்கச்சிடா, இத நீ கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீ கேக்கவே இல்லையே" என்றான். டீக்காசை என்னைக் கொடுக்க விடவில்லை. திருப்பூருக்குத் திரும்பி வா என்றேன். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னான்.

நான் எழுதியதை எல்லாம் மறந்துவிடு. இனிஷியல் பேச்சை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. காகிதம் ஒன்றும் எனக்குப் பார்க்கவேண்டாம். உன் சொல் போதும். ஞாயிற்றுக்கிழமை, பதினொன்றாம் தேதி வருகிறேன். குழந்தைக்கு மெத்தென்ற இண்டர்லாக் பனியன் துணியில் நானே ஆறு சட்டை வெட்டித் தைக்கக் கொடுத்திருக்கிறேன், கழுத்து உறுத்தாது. காற்று வருகிற மாதிரி நல்ல வீடாகவும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டாக்டர் அனுமதித்தால் சித்திரையில் உங்கள் இருவரையும் கூட்டிவந்துவிடுகிறேன்.

உன் அம்மா போனில் எடை சொன்னார்கள், நேரம் சொன்னார்கள். ஒன்று மட்டும் கேட்க விட்டுப்போயிற்று. குழந்தை யார் சாயல்?

உன் பாண்டித்துரை

—

உசிலம்பட்டி
6.3.2007

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. அம்மா உரக்கப் படிக்கச் சொன்னாள். படித்தேன். முனீஸ் அண்ணன் டீக்காசு கொடுத்த இடத்தில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசி வரியை மட்டும் நான் படிக்கவில்லை.

எல்லாத் தகப்பனும் கேட்கிற கேள்விதான். போன வருஷம் நீங்கள் கேட்டிருந்தால் மூக்கு உங்கள் மூக்கு, திமிர் உங்கள் திமிர் என்று சிரித்துக்கொண்டே எழுதியிருப்பேன். இப்போது பேனாவை எடுத்தால் ஓடவில்லை. உங்கள் சாயல் என்று எழுதினால் சத்தியம் பண்ணுகிற மாதிரி இருக்கிறது. என் சாயல் என்று எழுதினால் எதையோ மறைக்கிற மாதிரி இருக்கிறது. நீங்கள் ஒன்றும் நினைக்காமல்கூடக் கேட்டிருக்கலாம். அதுகூட எனக்குத் தெரியவில்லை பாருங்கள், அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

சித்திரையில் வருவதைப் பற்றி இப்போது பேசவேண்டாம். பெட்டி கட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பிள்ளையை உங்கள் மடியில் வைக்கிறேன். நன்றாகப் பார்த்துவிட்டு, யார் சாயல் என்று நீங்களே சொல்லுங்கள். சொல்லும்போது நான் பிள்ளையைப் பார்க்கமாட்டேன். உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நதியா